சார்ல்ஸ்டன் நகரத்துப் பழைய இரும்புக் கதவுகளும் கிராதிகளும்: பார்க்கப் போகிறவர்களுக்கு

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அட்லாண்டாவில் குடியிருக்கும் எங்களுக்கு வரும் ஏப்ரலில் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகருக்குப் போய்வர வாய்த்திருக்கிறது. கடற்கரை, தோட்ட மாளிகைகள், உணவகங்கள் ஆகியவற்றைப் பற்றி எங்கே தேடினாலும் தகவல் கொட்டிக் கிடக்கிறது. அந்நகரின் பழைய வீடுகளில் உள்ள இரும்பு வாயிற்கதவுகளையும் மாடக் கிராதிகளையும் வேலிகளையும் பற்றித் தமிழில் எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. அவற்றை நிதானமாக நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

நான் கட்டட வரைபடத் தொழிலில் இருப்பவன் என்றாலும், இரும்பு வேலை பற்றிய என் அறிவு மேலோட்டமானதே. எந்தத் தெருக்களில் நடப்பது, எந்த வேலைப்பாட்டின் முன் நிற்பது, நின்றால் எதைக் கவனிப்பது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். 70 வயதைக் கடந்த என் மாமனாரும் உடன் வருகிறார் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

கடலோரன் எழுதியது:

ஏப்ரல் நல்ல தேர்வு. ஜூன் பிறந்துவிட்டால் அந்த ஊர்ப் புழுக்கத்தில் பெரியவரை நடக்க வைப்பது பாவம்.

பிராட் தெருவுக்குத் தெற்கே உள்ள பகுதியைக் கால்நடையாகவே சுற்றுங்கள். மீட்டிங் தெரு, சர்ச் தெரு, டிராட் தெரு, லெக்ரீ தெரு, கிங் தெருவின் தென்முனை ஆகியவை அடுத்தடுத்தே இருக்கின்றன. நடைபாதைக் கற்களை மரவேர்கள் தூக்கிவிட்டிருக்கும் இடங்கள் உண்டு, ஆகையால் மாமனாருக்கு நல்ல பிடிமானமுள்ள காலணி அவசியம். அங்குள்ளவை பெரும்பாலும் இன்றும் மக்கள் வசிக்கும் வீடுகள். தெருவில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் தாழ்ப்பாளைத் தொடுவதும் கம்பிகளுக்கு இடையே கையை நுழைத்துத் தோட்டத்தைப் படமெடுப்பதும் அங்குள்ளவர்களுக்கு எரிச்சலூட்டும்.

உள்ளே சென்று பார்க்கக்கூடிய வீடு ஒன்று வேண்டுமானால் மீட்டிங் தெரு 51ஆம் எண்ணில் உள்ள நத்தானியல் ரஸ்ஸல் மாளிகைக்குச் செல்லலாம். 1808இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வணிகர் வீட்டின் முகப்பு மாடக் கிராதியில், வாயிலுக்கு நேர் மேலே, உரிமையாளரின் பெயரின் முதலெழுத்துகள் இரும்பிலேயே வளைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் உள்ளே இருக்கும் வளைமாடிப்படியைக் காணும் அவசரத்தில் இதை அண்ணாந்து பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

உலைக்களம் எழுதியது:

வார இறுதிகளில் உலை மூட்டிச் சிறு வேலைகள் செய்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எந்தக் கதவின் முன் நின்றாலும், அது அடித்துச் செய்ததா, வார்த்துச் செய்ததா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவை அதிலிருந்து தாமாகவே விளங்கத் தொடங்கும்.

பழைய கொல்லர்கள் பயன்படுத்திய தேனிரும்பில் கரிமம் மிகவும் குறைவு, நூற்றுக்கு 0.1 பங்குகூட இராது. அதில் தங்கிப்போன கசடு, இரும்பை அடித்து நீட்ட நீட்ட மெல்லிய இழைகளாகி உள்ளே ஓடும். அதனால் நெடுங்காலம் துருவேறி முறிந்த தேனிரும்புக் கம்பியின் முனை, ஒடித்த கரும்பைப் போல நார்நாராகத் தெரியும். வார்ப்பிரும்பில் கரிமம் 2 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். சுமார் 1,200 பாகை செல்சியஸில் அது உருகிவிடும், மணல் அச்சில் ஊற்றினால் எந்த வடிவத்தையும் ஏற்கும், ஆனால் சம்மட்டியால் அடித்தால் வளையாமல் உடையும். ஒன்று வளைகிற இரும்பு, மற்றொன்று வடிக்கிற இரும்பு என்பதால் இரண்டிலும் பிறக்கும் அழகும் வேறுவேறாக இருக்கிறது.

அடித்துச் செய்த சுருள் நுனியை நோக்கிச் செல்லச் செல்ல மெலியும், நுனி சில வேளை மீன்வாலாக விரிந்திருக்கும், அல்லது சிறு குமிழாக உருண்டிருக்கும். இரண்டு சுருள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு சிறு பட்டையைச் சூடாகச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். குளிரும்போது அது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் கம்பியின் முகத்தில் சுத்தியல் பட்ட சிறு சிறு தளங்கள் தென்படும். இடப்பக்கச் சுருளையும் வலப்பக்கச் சுருளையும் ஒப்பிட்டால் மயிரிழை வேறுபாடு இல்லாமல் இராது. வார்ப்பிலோ, அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு ஓரத்தில் ஓடும். திராட்சைக் கொத்து, பூவிதழ், சிங்கமுகம் என்று புடைப்பான உருவங்கள் இருக்கும். ஒரு பலகத்தில் உள்ள சிறு குறை அடுத்த பலகத்திலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது வார்ப்பு.

சார்ல்ஸ்டனில் 18ஆம் நூற்றாண்டு வேலை எஞ்சியிருப்பது குறைவு. 19ஆம் நூற்றாண்டில் அடித்த சட்டகத்துக்குள் வார்த்த பூக்களைப் பொருத்தும் கலப்பு முறையும் வந்தது. ஆகவே ஒரே மாடக் கிராதியில் இரண்டையும் காண நேர்ந்தால் வியப்படைய வேண்டாம்.

தவறவிடக் கூடாதது லெக்ரீ தெரு 32ஆம் எண்ணின் வாள் கதவுகள். நிமிர்ந்து நிற்கும் அகன்ற வாளும் கிடையாகச் செல்லும் ஈட்டியும் குறுக்கிட்டுச் சிலுவை வடிவம் கொள்ளும்படி அமைத்த அந்தக் கதவுகளை, ஜெர்மனியிலிருந்து குடியேறிய கிறிஸ்டோபர் வெர்னர் 1838இல் செய்தார். மீட்டிங் தெருவும் பிராட் தெருவும் சந்திக்கும் மூலையில் அப்போது இருந்த நகரக் காவல் மனைக்காகச் செய்யச் சொன்னார்கள் என்றும், ஒரு சோடி என்று கேட்டதை வெர்னர் இரண்டு சோடி என்று விளங்கிக்கொண்டார் என்றும், எஞ்சிய சோடியே பின்னர் இந்த வீட்டுக்கு வந்தது என்றும் ஊரில் சொல்கிறார்கள். கதை எப்படியிருந்தாலும், 1849 வாக்கில் அந்த வீட்டை வாங்கிய பிரிட்டிஷ் தூதர் ஜார்ஜ் ஹாப்லியின் காலத்தில்தான் கதவுகள் அங்கே வந்தன. பிராட் தெரு 116இல் உள்ள ஜான் ரட்லெட்ஜ் வீட்டின் முகப்பையும் பாருங்கள். வீடு 1763இல் கட்டப்பட்டது, ஆனால் அதன் இரும்பு வேலை 1853இல் வெர்னர் சேர்த்தது. மாநிலத்தின் சின்னமான பால்மெட்டோ மரமும் நாட்டின் சின்னமான கழுகும் அதில் இடம்பெற்றுள்ளன.

செங்காந்தள் எழுதியது:

உலைக்களம் ஐயா எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். நான் பல ஆண்டுகளாகச் சார்ல்ஸ்டனுக்கு அருகில் வசிப்பவள், வரலாறு கற்பிக்கும் ஆசிரியை. என் பங்குக்கு ஓர் இடத்தைச் சேர்க்க விரும்புகிறேன்.

கிங் தெரு 27இல் மைல்ஸ் புரூட்டன் வீடு இருக்கிறது. 1760களின் இறுதியில் முடிக்கப்பட்ட, அமெரிக்காவின் மிகச் சிறந்த நகர வீடுகளுள் ஒன்று அது. அதன் முன்வேலியின் மேல், நீண்ட இரும்புத் தண்டு ஒன்றில் நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனைகளைக் காண்பீர்கள். ஷெவோ டி ஃப்ரீஸ் என்று அதைக் குறிப்பிடுவார்கள். குதிரைப்படையைத் தடுக்கப் போர்க்களத்தில் வைத்த முள்தடையின் பெயர் அது. வீட்டு வேலியில் போர்க்களத்து முள் எதற்காக என்று கேட்டால், விடை 1822ஆம் ஆண்டில் இருக்கிறது.

லாட்டரியில் பரிசு விழுந்த பணத்தைக் கொண்டு 1799இல் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கிய தச்சர் டென்மார்க் வெசி, சார்ல்ஸ்டனின் அடிமை மக்களைத் திரட்டி எழுச்சிக்குத் திட்டமிட்டார் என்று 1822இல் கைது செய்யப்பட்டார். அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஈட்டிமுனைகள் அடித்துக் கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவர்களுள் அடிமைக் கொல்லர் ஒருவரும் இருந்தார். அதற்குப் பிறகு வெள்ளையர் வீடுகளின் வேலிகளில் ஏறிய கூர்முனைகளுள் ஒன்றுதான் இது. நகரத்தின் பெரும்பான்மையினராக இருந்த கறுப்பின மக்களுக்கு அஞ்சி வெள்ளையர்கள் பொருத்திக்கொண்ட காப்பு அது. அதை அடித்தவர்களும் அந்தக் கறுப்பினக் கொல்லர்களாகவே இருந்திருக்கும் வாய்ப்பு மிகுதி என்பதை நினைத்துப் பாருங்கள்.

மணற்கேணி எழுதியது:

செங்காந்தள் அம்மையார் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் இரண்டு மறுப்புகளைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முதலாவது, நண்பர் கேட்டது அலங்கார இரும்பு வேலையைப் பற்றி. கூர்முனைத் தண்டு பாதுகாப்புக் கருவியே தவிர அலங்காரம் ஆகாது. எல்லாப் பழைய நகரங்களிலும் திருடருக்கு அஞ்சி வேலியில் கூர்முனை வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, அடிமைக் கொல்லர்களே அடித்திருப்பார்கள் என்பது ஊகம். வெர்னரின் பெயருக்கு ஆவணம் இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை. அழகை ரசிக்கப் போகிறவரின் தோளில் இவ்வளவு பாரத்தையும் ஏற்றித்தான் அனுப்ப வேண்டுமா?

செங்காந்தள் எழுதியது:

மணற்கேணி அவர்களே, ஆவணம் இல்லை என்ற இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சார்ல்ஸ்டனில் அடிமைகளைப் பிறரிடம் கூலிக்கு விட்டுப் பணம் ஈட்டும் வழக்கம் இருந்தது. அவ்வாறு வேலைக்குப் போகிறவர், ஆண்டுதோறும் நகராட்சி விற்ற செப்புத் தகடு ஒன்றை அணிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தகடுகளைச் சார்ல்ஸ்டன் அருங்காட்சியகம் பாதுகாத்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் நகரத்தின் பெயர், ஆண்டு, வரிசை எண், செய்கிற தொழில் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். வீட்டு வேலைக்காரர், சுமை தூக்குபவர், மீனவர் என்று வகைகள் உண்டு. கைவினைத் தொழில் அறிந்தவர்களுக்கும் தனி வகை உண்டு. அணிந்திருந்தவரின் பெயர் மட்டும் எந்தத் தகட்டிலும் இல்லை. பெயரை எழுதிவைக்கக் கூடாது என்றே அமைந்த ஓர் ஏற்பாட்டிடம் போய்ப் பெயருக்கு ஆவணம் கேட்டால் எப்படிக் கிடைக்கும்?

அப்படியும் ஒரு பெயர் தப்பி வந்திருக்கிறது. வெர்னரின் பட்டறையில் அடிமைக் கொல்லர்கள் வேலை செய்தார்கள், அவர்களுள் டோபி ரிச்சர்ட்சன் என்பவர் தேர்ந்த இரும்புக் கலைஞர் என்று ஊர் நினைவில் நிற்கிறார். எந்தக் கதவு அவர் கைபட்டது என்று எவராலும் பிரித்துக் காட்ட முடியாது.

உலைக்களம் எழுதியது:

இந்த வாதத்தில் பட்டறை சொல்லும் சாட்சியத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய முறையில் இரண்டு கம்பிகளை ஒன்றாக்கப் பற்றவைப்புக் கருவி கிடையாது. இரண்டு முனைகளையும் வெண்சூட்டுக்குக் கொண்டுவந்து, அடைகல்லின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சூடு தணிவதற்குள் அடித்து இணைக்க வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது சில நொடிகளே. சூடு கூடிவிட்டால் இரும்பு பொறி பறக்க எரிந்துபோகும், குறைந்துவிட்டால் ஒட்டாது. ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கதவின் கம்பியை ஒருவரே இடுக்கியால் பிடித்துத் திருப்பி, அவரே சம்மட்டியும் அடிக்க முடியாது. ஒருவர் பிடித்துத் திருப்ப, ஒருவர் அல்லது இருவர் சம்மட்டி போட, இன்னொருவர் துருத்தியைக் கவனித்தால்தான் வேலை நடக்கும். தலைமைக் கொல்லர் சிறு சுத்தியலால் தட்டிக் காட்டும் இடத்தில் சம்மட்டிக்காரர் ஓங்கி அடிப்பார். பேச்சுக்கு அங்கே நேரம் இல்லை.

ஆகவே வெர்னர் செய்த கதவு என்று சொல்லும்போது வெர்னரின் பட்டறை செய்த கதவு என்றே பொருள் கொள்ள வேண்டும். சம்மட்டி போட்டவர்களின் கூர்மை குறைவாக இருந்திருந்தால் அந்த வாள்களின் விளிம்பு அவ்வளவு சீராக வந்திருக்காது. இதற்கு ஏட்டுச் சான்று தேவையில்லை, கதவே சான்று.

கூர்முனை அலங்காரமா என்ற கேள்விக்கும் ஒன்று சொல்கிறேன். வாளும் ஈட்டியும் காவல் மனைக்காக வரைந்த வடிவங்கள். அவை இன்று வீட்டு வாயிலில் அழகாக நிற்கின்றன. அந்த ஊரில் அச்சத்தையும் அழகையும் ஒரே உலையில்தான் காய்ச்சினார்கள், நாம் பிரித்தெடுத்துப் பார்க்க விரும்பினாலும் இரும்பு இடம் கொடுப்பதில்லை.

மணற்கேணி எழுதியது:

பட்டறையில் பலர் உழைத்தார்கள் என்பதை ஏற்கிறேன். கூர்முனைத் தண்டை அலங்காரக் கணக்கில் சேர்ப்பதை இன்னும் ஏற்கவில்லை. அது இருக்கட்டும், பெயர் தெரிந்த கறுப்பினக் கொல்லர் ஒருவர் 20ஆம் நூற்றாண்டில் அங்கே புகழ்பெற்றிருந்தார் என்று படித்த நினைவு. அவரைப் பற்றி இதுவரை எவரும் எழுதவில்லையே?

செங்காந்தள் எழுதியது:

எழுதத்தான் இருந்தேன். பிலிப் சிம்மன்ஸ். இந்த இழையில் ஒருவரைப் பற்றி மட்டும் எழுத அனுமதி என்றால் நான் அவரையே தேர்வேன்.

1912இல் சார்ல்ஸ்டனை அடுத்த டேனியல் தீவில் பிறந்து, பள்ளிப் படிப்புக்காக நகரத்துக்கு வந்த சிறுவர், பள்ளிக்குப் போகும் வழியில் இருந்த பட்டறைகளில் லயித்துப்போனார். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற பீட்டர் சிம்மன்ஸ் என்ற முதிய கொல்லரிடம் 13 வயதில் தொழில் பழகச் சேர்ந்தார். இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தாலும் உறவில்லை. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதும், குதிரைக்கு லாடம் அடிப்பதும், படகுகளுக்கு வேண்டியதைச் செய்வதுமாகப் பட்டறை ஓடியது. மோட்டார் வண்டிகள் வந்து குதிரையையும் கட்டைவண்டியையும் துரத்தியபோது கொல்லர்கள் பலர் உலையை அணைத்தார்கள். சிம்மன்ஸ் 1938இல் அலங்கார வேலைக்கு மாறினார்.

அந்த ஆண்டுகள் சார்ல்ஸ்டனுக்கும் திருப்புமுனையாக இருந்தன. பழைய வீடுகளைக் காப்பதற்காக 1920இல் ஒரு சங்கம் உருவாகியிருந்தது. 1931இல் நாட்டிலேயே முதன்முதலாக ஒரு பழைய குடியிருப்புப் பகுதியை நகராட்சிச் சட்டத்தால் காப்புப் பகுதியாக அறிவித்தார்கள். பழைய கிராதிகளைச் செப்பனிடவும், உடைந்த கதவுக்கு இணை செய்யவும் கை தேவைப்பட்டது. அடிமைக் காலத்துப் பட்டறைப் பழக்கத்தை நேரடியாகக் கற்றிருந்த ஒரு கை அங்கேயே இருந்தது. கிங் தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஜாக் கிராசெக் என்பவர் தொடக்கத்திலேயே அவரிடம் கதவு செய்யச் சொன்னார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் புது இரும்பு கிடைக்காததால், பழைய இரும்புத் துண்டுகளைச் சேர்த்தே அந்தக் கதவைச் செய்து முடித்தார். அதன்பின் அவர் செய்த கதவுகளும் வேலிகளும் மாடக் கிராதிகளும் 500க்கு மேல். 1982இல் தேசியக் கலை நிதியம் வழங்கும் தேசிய மரபுக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. 2009இல், 97 வயதில் காலமானார்.

அவருடைய கதவுகளுள் என் மனத்தைவிட்டு நீங்காதது ஈஸ்ட் பே தெரு 329இல் உள்ள பாம்புக் கதவு. அது கிறிஸ்டோபர் காட்ஸ்டனின் வீடு. மஞ்சள் துணியில் சுருண்ட கிலுகிலுப்பைப் பாம்பைக் கொண்ட விடுதலைப் போர்க் கொடிக்கு அவர் பெயரே வழங்குகிறது. அதை நினைவூட்டும்படி சிம்மன்ஸ் கதவின் சுருள்களுக்கிடையே ஒரு பாம்பை வைத்தார். உற்றுப் பாருங்கள், பாம்பின் உடல் வளைவும் கதவின் சுருள் வளைவும் ஒரே ஓட்டத்தில் இருப்பதால், சற்றுத் தொலைவில் பாம்பே கண்ணுக்குப் படாது. நெருங்கினால்தான் தலை தெரியும். பாம்பின் கண் சரியாக அமைவதற்கு மிகவும் பாடுபட்டதாகவும், முதலில் செய்தபோது அது செத்த பாம்பாகத் தெரிந்ததாகவும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட பல்லாயிரவரைக் கரையிறக்கிய துறை, இதே காட்ஸ்டன் கட்டிய துறை. அந்த இடத்தில் 2023இல் பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சுதந்திரக் கொடியின் பாம்பை, அந்தத் துறைக்கு உரியவரின் வீட்டு வாயிலில், அடிமையாகப் பிறந்தவரிடம் தொழில் கற்ற ஒருவர் அடித்து வைத்திருக்கிறார். சிம்மன்ஸ் அதைப் பற்றிக் கசப்பாகப் பேசியதாக நான் படித்ததில்லை. கதவு நன்றாக அமைந்ததா என்பதே அவருடைய கவலையாக இருந்தது போலும்.

கடலோரன் எழுதியது:

செயின்ட் மைக்கேல் சந்து 2ஆம் எண்ணில் அவர் செய்த கொக்குக் கதவும் இருக்கிறது, மிகக் குறுகிய சந்து என்பதால் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். செயின்ட் மைக்கேல் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தின் பழைய கதவு அங்கிருந்து சில அடிகளில்தான். அதில் செய்தவரான இயுஸ்தி தம் பெயரை இரும்பிலேயே பதித்திருக்கிறார். அந்தக் காலத்தில் அது அரிய வழக்கம்.

இன்னொன்று: அடுத்த ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் போகிறவர்கள் இந்த இழையை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே கண்ணைப் பறிப்பவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு மாடங்கள். 1849 முதல் 1851 வரை கட்டப்பட்ட பொன்டால்பா கட்டடங்களின் கிராதியில், அவற்றைக் கட்டுவித்த சீமாட்டி மிக்கேலாவின் குடும்ப முதலெழுத்துகளை வார்த்துப் பதித்தார்கள். அதைப் பார்த்து ஊர் முழுவதும் வார்ப்பு மாடம் வைக்கும் மோகம் பரவியது. ராயல் தெரு 915இல் மக்காச்சோளத் தட்டை வடிவ வேலி இருக்கிறது, கதிரும் தோகையும் வண்ணம் பூசி நிற்கும். அழகுதான், ஆனால் வார்ப்படச் சாலையில் அச்சு இருக்கும் வரை அதைப் போல இன்னொன்று ஊற்றிக்கொள்ளலாம்.

நெடுவழி எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. உலைக்களம் ஐயாவிடம் தொழில் சார்ந்த ஐயம் ஒன்று. கடற்காற்றும் ஈரமும் மிகுந்த ஊரில் 180 ஆண்டுக்கால இரும்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறது? செப்பனிடும்போது இன்று எந்த இரும்பைப் பயன்படுத்துகிறார்கள்?

உலைக்களம் எழுதியது:

தேனிரும்பில் ஓடும் கசடு இழைகள் துருவை ஓரளவு மட்டுப்படுத்துகின்றன என்பது கொல்லர்களின் நெடுங்கால அனுபவம். மற்றபடி காப்பது வண்ணப்பூச்சே. சார்ல்ஸ்டனில் கதவுகளில் நீங்கள் காணும் நிறம் முதல் பார்வைக்குக் கறுப்பாகத் தோன்றும், வெயிலில் உற்றுப் பார்த்தால் அடியில் பச்சை தெரியும். சார்ல்ஸ்டன் பச்சை என்றே அதற்குப் பெயர். உள்நாட்டுப் போருக்குப் பின் வடபுலத்துப் படை கொடுத்த கறுப்புச் சாயத்தை வாங்க மனமில்லாமல் ஊரார் கொஞ்சம் பச்சை கலந்தார்கள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்டு ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உண்மையான பகை கல்லும் இரும்பும் சேருமிடத்தில் இருக்கிறது. கல்லில் குழி வெட்டி, கம்பியை நிறுத்தி, சுற்றிலும் காய்ச்சிய ஈயத்தை ஊற்றி இறுக்குவது பழைய முறை. ஈயத்துக்கும் இரும்புக்கும் இடையே நீர் புகுந்துவிட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் கல்லே பிளந்துவிடும். படிக்கட்டுக் கைப்பிடிகளின் அடியில் கல் வெடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், உங்கள் தொழிலுக்கு அது பயன்படும்.

தேனிரும்பை இன்று வணிக அளவில் எவரும் காய்ச்சுவதில்லை. இங்கிலாந்தின் போல்டன் நகரில் இருந்த கடைசி ஆலை 1970களில் நின்றுபோனது. எனவே பழைய இரும்பைத் தேடியெடுத்து உருட்டிப் பயன்படுத்துகிறார்கள், அல்லது மென்னெஃகைக் கொண்டு ஒப்பேற்றுகிறார்கள். மென்னெஃகு ஒரே சீரானது, நார் இல்லை, அடிக்கும்போது கைக்கு வேறு மாதிரி உணர்வைத் தரும். வெல்டிங் வைத்து உருட்டிச் சீவிய புதுக் கதவுகளும் அங்கே நிறைய உண்டு. இணைப்பில் பட்டையும் தறையாணியும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பற்றவைப்புக் குமிழ் இருந்தால் அது நேற்றைய வேலை என்று கொள்ளலாம்.

அலங்காரமல்லாத இரும்பு ஒன்றையும் கவனியுங்கள். 1886 ஆகஸ்ட் 31 இரவு பெரும் நிலநடுக்கம் அந்த நகரைக் குலுக்கியது. பிளந்த செங்கற்சுவர்களை இழுத்துப் பிடிக்க, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நீண்ட இரும்புத் தண்டுகளைச் செலுத்தி, இருபுறமும் தகடு வைத்துத் திருகினார்கள். வெளிச்சுவரில் வட்டமாகவும் நட்சத்திரமாகவும் சிலுவையாகவும் தெரிபவை அந்தத் தகடுகளின் முகங்கள். சிலர் அவற்றைச் சிங்கமுகத்தால் மூடி அழகுபடுத்திக்கொண்டார்கள். மணற்கேணி அவர்கள் அதையும் அலங்காரக் கணக்கில் சேர்க்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மணற்கேணி எழுதியது:

சிங்கமுகத்தைச் சேர்ப்பேன், தண்டைச் சேர்க்க மாட்டேன். சிம்மன்சுக்குப் பிறகு அந்தக் கைத்தொழில் என்னவாயிற்று என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

செங்காந்தள் எழுதியது:

அவருடைய மருமகன் முறையினரான கார்ல்டன் சிம்மன்சும் உறவினரான ஜோசப் பிரிங்கிளும் அவரிடமே பழகி, பிளேக் தெருப் பட்டறையில் அவருடன் உழைத்தவர்கள். பட்டறைக்கு வெளியிலும் ஒரு வழி பிறந்தது. 1989இல் ஹியூகோ புயல் நகரத்தைச் சிதைத்தபோது, பழைய வீடுகளைப் பழைய முறையில் செப்பனிடத் தெரிந்தவர்கள் போதுமான அளவில் இல்லை என்பது வெட்டவெளிச்சமாயிற்று. அந்தக் குறையிலிருந்து உருவானதே கட்டடக் கலைகளுக்கான அமெரிக்கக் கல்லூரி. தச்சு, கல் வேலை, சாந்துப் பூச்சு ஆகியவற்றோடு உலையில் இரும்பு அடிப்பதையும் அங்கே பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறார்கள்.

நெடுவழி அவர்கள் மாமனாருடன் வருவதால் ஒரு யோசனை. ஆன்சன் தெரு 91இல் சிம்மன்ஸ் வழிபட்ட செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தை ஒட்டி அவர் பெயரில் ஒரு தோட்டம் இருக்கிறது, இதய வடிவச் சுருள்கள் கொண்ட கதவு அவருடையது. நெரிசல் இல்லாத தெரு, பெரியவர் ஓய்வாக இருக்கலாம். அங்கிருந்து பாம்புக் கதவும் தொலைவில்லை. பிளேக் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டையும் பட்டறையையும் அவர் பெயரிலான அறக்கட்டளை பராமரிக்கிறது, திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டிக் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

நெடுவழி எழுதியது:

அப்படியானால் வடக்கே ஆன்சன் தெருவில் தொடங்கித் தெற்கே இறங்கி வருவதா, பிராட் தெருவுக்குத் தெற்கே முதலில் முடித்துவிட்டு மேலே போவதா? காலை வெயில் வேண்டும் என்று உலைக்களம் ஐயா சொன்னதால் கேட்கிறேன்.

கடலோரன் எழுதியது:

காலையில் தெற்கே முடித்துவிடுங்கள். வாள் கதவையும் புரூட்டன் வீட்டையும் பத்து மணிக்குள் பார்த்துவிட்டால் சுற்றுலாக் குதிரைவண்டிகளின் நெரிசலுக்கும் தப்பலாம். நண்பகலுக்குப் பின் மீட்டிங் தெரு 375இல் உள்ள வருகையாளர் மையத்துக்கு வந்து காரை நிறுத்துங்கள். அங்கேயும் சிம்மன்ஸ் செய்த கதவு உண்டு. செங்காந்தள் அம்மையார் சொன்ன செப்புத் தகடுகள் இருக்கும் அருங்காட்சியகம் தெருவுக்கு எதிர்ப்புறம். ஆன்சன் தெருவுக்கு அங்கிருந்து காரில் சில நிமிடங்களே ஆகும்.